நாக்கின் அடியில் நீர்க்கட்டி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு மும்பையின் பல பகுதிகளிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் நாக்கின் அடியில் தோன்றும் நீர்க்கட்டியைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 19. நாக்கின் அடியில் இடப்பக்கமாக, நீலம் பாய்ந்தாற்போல ஒரு வீக்கம் சில மாதங்களாக இருக்கிறது. வலி இல்லை. குடும்ப மருத்துவர் ஊசியால் உறிஞ்சியபோது முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பான நீர் வந்தது, வீக்கமும் அமுங்கியது. மூன்றே வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. மறுபடியும் உறிஞ்சலாமா? அறுவை சிகிச்சைதான் வழி என்றால் எந்த அறுவை சிகிச்சை? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (வாசகி, சயான்)

பதில்: நேரில் பார்க்காமல் உறுதி கூற இயலாது என்றாலும், தாங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் ஒவ்வொன்றும் ரானுலா என்னும் கட்டிக்கே பொருந்துகின்றன. நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாக இருப்பது, மெல்லிய தோலுக்குள்ளிருந்து நீலம் தெரிவது, வலியின்மை, உறிஞ்சிய நீரின் கொழகொழப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அது திரும்பி வந்த வேகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது வேறொன்றை எண்ணுவதற்கு இடம் குறைவு.

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால், நடுவிலுள்ள மெல்லிய இழைக்கு இரு புறமும் ஒரு சிறு மேடு பின்னோக்கிச் செல்வதைக் காணலாம். அந்த மேட்டுக்கு அடியில்தான் நாவடிச் சுரப்பி படுத்திருக்கிறது. எடை 3 அல்லது 4 கிராம்தான். மற்ற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குத் தனித்தனியே ஒரு முதன்மைக் குழாய் உண்டு. இதற்கோ 8 முதல் 20 வரை சிறு குழாய்கள் வாய்க்குள் நேரடியாகத் திறக்கின்றன. மற்றொரு வேறுபாடும் உண்டு. தாடையடிச் சுரப்பி, உணவின் வாசனையோ சுவையோ நரம்பைத் தூண்டும்போது மிகுதியாகவும் மற்ற நேரங்களில் குறைவாகவும் சுரக்கும். நாவடிச் சுரப்பியோ தூண்டுதல் ஏதும் இல்லாதபோதும், நாம் உறங்கும்போதும்கூட, சிறிது சிறிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். அந்தச் சிறு குழாய்களில் ஒன்று காயத்தாலோ அடைப்பாலோ கிழிந்துவிட்டால், வாய்க்கு வரவேண்டிய எச்சில் பக்கத்துத் திசுவுக்குள் கசிகிறது. அதைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய சுவரை எழுப்புகிறது. தங்கள் மகளின் வாயில் தெரிவது இவ்வாறு தேங்கிய எச்சில்தான்.

ஊசியால் உறிஞ்சியது ஏன் பயன்படவில்லை என்பதற்கும் இதுவே விடை. மழைக்காலத்தில் மேல்வீட்டுக் குழாய் ஒழுகும்போது நம் வீட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது அது. உறிஞ்சுவதால் நோயைத் தெரிந்துகொள்ள உதவி கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. அந்த நீரில் அமிலேஸ் என்னும் நொதி மிகுந்திருந்தால் அது எச்சில்தான் என்று உறுதியாகிவிடும். ஆனால் அதைச் சிகிச்சை என்று நம்பி மாதம் ஒருமுறை செய்துகொள்வதில் பொருளில்லை, தீங்கும் உண்டு. திரும்பத் திரும்பக் குத்திய இடத்தில் தழும்பு ஏறி மேற்பக்கம் இறுகிவிட்டால், இடைவிடாமல் சுரக்கும் எச்சில் கீழ்நோக்கிக் கழுத்துப் பக்கமாக வழி தேடக்கூடும். வாய்க்குள் இருந்த கட்டிக்கு அரைகுறையாகச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பின்னாளில் கழுத்தில் வீக்கம் தோன்றியது மருத்துவ ஏடுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது.

அறுவை சிகிச்சையில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன; தங்களிடம் ஆளுக்கொன்று சொன்னதன் காரணமும் அதுதான். முதலாவது, கட்டியின் மேற்கூரையை வெட்டி நீக்கி, ஓரங்களை வாயின் தோலோடு சேர்த்துத் தைத்து, அதை ஒரு திறந்த குழியாக விட்டுவிடுவது. இதற்கு மார்சூப்பியலைசேஷன் என்று பெயர். இரண்டாவது, கட்டியை மட்டும் முழுமையாக எடுப்பது. மூன்றாவது, கசிகின்ற நாவடிச் சுரப்பியையே எடுத்துவிடுவது. சீனாவின் வூஹானில் 580 ரானுலாக்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, முதல் முறையில் 66.67 விழுக்காடும், இரண்டாவதில் 57.69 விழுக்காடும், சுரப்பியை எடுத்தபோது 1.20 விழுக்காடும் கட்டி திரும்பி வந்ததாகக் கணக்கிட்டிருக்கிறது. வேறு ஊர்களின் கணக்குகளில் எண்கள் மாறுகின்றன, வரிசை மாறுவதில்லை. எனவே ஒருமுறை உறிஞ்சியும் திரும்பி வந்துவிட்ட, 19 வயதுப் பெண்ணின் ரானுலாவுக்கு அந்தப் பக்கத்து நாவடிச் சுரப்பியை வாய்வழியே அகற்றுவதே நான் பரிந்துரைக்கும் வழி.

மார்சூப்பியலைசேஷனை அடியோடு தள்ளிவிடவும் வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, மேலோட்டமான கட்டிகளுக்கு அது போதுமானதாக இருக்கலாம். குழியைச் சில நாட்கள் மருந்துத் துணியால் அடைத்து வைத்தால் பலன் கூடுகிறது என்று கருதும் அறுவை மருத்துவர்களும் உண்டு. ஆனால் அதைச் செய்துகொள்வதற்கு முன், திரும்பி வரும் வாய்ப்பைப் பற்றி மருத்துவர் தங்களிடம் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் விட்டால் இரண்டாம் முறை செல்லும்போது நோயாளிக்கு மருத்துவர்மேல் ஏற்படும் கசப்பு, நோயைவிடப் பெரிதாகிவிடுகிறது.

அறுவை முடிந்தபின் வரும் நோய்க்குறி அறிக்கையில் (எடுத்த திசுவைப் பரிசோதித்து எழுதுவது), கட்டியின் சுவருக்கு எபிதீலிய உறை, அதாவது மேல்தோல் செல்களாலான உட்பூச்சு, இல்லை என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டாம். கசிவினால் உண்டான கட்டிகள் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் சுரப்பியை எடுத்துவிட்டு, நீரை வடித்துவிட்டால், சுவரின் ஒரு பகுதி உள்ளே தங்கினாலும் அது தானாகச் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: எனக்கு வயது 34. தாடைக்குக் கீழே வலப்பக்கக் கழுத்தில் மிருதுவான வீக்கம். வாய்க்குள் ஒன்றும் இல்லை. முதலில் பார்த்த இடத்தில் காசநோய் நெறிகட்டாக இருக்கலாம் என்றார்கள். ஊசிப் பரிசோதனையில் சளி போன்ற திரவம் மட்டும்தான் வந்தது, கிருமி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒருவர், காசநோய் மருந்தைத் தொடங்க வேண்டாம், மேலும் பார்க்க வேண்டும், இது நாக்கின் அடியில் வரும் கட்டி என்கிறார். வாயில் ஒன்றுமே இல்லாதபோது எப்படி? (வாசகர், தாராவி)

பதில்: காசநோயை முதலில் ஐயுற்றதில் தவறில்லை. நம் நகரில், அதிலும் நெருக்கமான குடியிருப்புகளில், கழுத்து வீக்கத்துக்குக் காசநோய் ஒரு பொதுவான காரணம். ஆனால் காசநோய் நெறிகள் சற்றுக் கெட்டியாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பலவாகக் கைக்குத் தட்டுப்படும். பழுத்தால் உள்ளே இருப்பது சீழ் போன்ற திரவம். தெளிந்த சளி போன்ற நீர் வந்திருப்பதால், காசநோய் மருந்தைத் தொடங்காமல் நிறுத்திவைத்து மேலும் பார்க்கச் சொன்னவர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

தங்கள் ஐயத்துக்கான விடை, இந்தக் கட்டிகளை வகைப்படுத்தும் முறையிலேயே இருக்கிறது. வாயின் அடித்தளமாகத் தாடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மைலோஹையாய்ட் என்ற தட்டையான தசை விரிந்திருக்கிறது. கசிந்த எச்சில் அந்தத் தசைக்கு மேலேயே தேங்கினால் கட்டி வாய்க்குள் தெரியும். அது எளிய ரானுலா. எச்சில் தசைக்குக் கீழே இறங்கிக் கழுத்தில் தேங்கினால் அது கழுத்துக்கு இறங்கிய ரானுலா. மருத்துவர்கள் பிளஞ்சிங் ரானுலா என்பார்கள். இரண்டு இடத்திலும் இருந்தால் கலப்பு வகை. கீழே இறங்க வழி ஏது என்று கேட்கலாம். தசையின் பின்விளிம்பைச் சுற்றிக்கொண்டு போகலாம். அல்லது தசையிலேயே பிறவியிலிருந்து உள்ள இடைவெளி வழியாக இறங்கலாம். இந்த இடைவெளி நோய் ஏதும் இல்லாத பலருக்கும் இருப்பதுதான். நாவடிச் சுரப்பியின் ஒரு நுனி அதன் வழியே கீழே எட்டிப் பார்ப்பதும் உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கசிவு அந்த நுனியில் நேர்ந்தால், வாய்க்குள் ஒரு சுவடும் இல்லாமல் கழுத்தில் மட்டும் வீக்கம் வரும்.

இடத்தைக் கொண்டு பிரிக்கும் இந்த முறையோடு, உருவான விதத்தைக் கொண்டு பிரிக்கும் முறையும் ஒன்று இருக்கிறது. குழாய் கிழிந்து எச்சில் வெளியே கசிவது ஒன்று. குழாய் அடைபட்டு, கிழியாமல், எச்சில் உள்ளேயே தேங்கிக் குழாய் உப்புவது மற்றொன்று. பின்னதற்கு உண்மையான உறை உண்டு. அது பெரும்பாலும் சிறியதாகவே நின்றுவிடும். கழுத்துக்கு இறங்கியவை கசிவு வகையைச் சேர்ந்தவை. நடைமுறையில் சிகிச்சையைத் தீர்மானிப்பவை எச்சில் எந்தச் சுரப்பியிலிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற இரண்டு விவரங்களே. அறிக்கையில் வேறு எத்தனை பெயர்கள் இருந்தாலும் இவ்விரண்டையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முதலில் எடுக்கலாம். மைலோஹையாய்ட் தசையின் இடைவெளியையும் அதில் நுழைந்திருக்கும் சுரப்பியையும் அனுபவமுள்ளவர் அதிலேயே காட்டிவிடுவார். தெளிவு போதவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. உதவும். கழுத்தில் உள்ள நீர்ப்பையிலிருந்து ஒரு மெல்லிய வால் நாவடிச் சுரப்பி இருக்கும் பகுதியை நோக்கி நீண்டு செல்வதைப் படத்தில் கண்டால், நோய் ஏறக்குறைய உறுதி. பிராங்கியல் நீர்க்கட்டி (பிறவியிலிருந்தே கழுத்தின் பக்கவாட்டில் உருவாகும் கட்டி), நிணநீர்க் குழாய்க் கோளாறு, தாடையடிச் சுரப்பியின் கட்டிகள் ஆகியவற்றை விலக்கவும் இந்தப் படங்கள் தேவைப்படுகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீக்கம் கழுத்தில் இருப்பதாலேயே கழுத்தைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. கசிவின் ஊற்று வாய்க்குள் இருக்கும் நாவடிச் சுரப்பி. அதை வாய்வழியே அகற்றி, கழுத்தில் தேங்கிய நீரை வடித்துவிட்டால், பெரும்பாலோருக்குக் கழுத்தில் ஒரு தழும்புகூட இல்லாமல் குணமாகிறது. சில இடங்களில் வீக்கம் தாடையடிச் சுரப்பியை ஒட்டி இருப்பதைப் பார்த்து, அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டு நாவடிச் சுரப்பியை விட்டுவிடுகிறார்கள். குற்றமற்றதை எடுத்துக் குற்றவாளியை விட்டுவிட்டால் கட்டி திரும்பத்தானே செய்யும்? தங்களுக்குக் கழுத்தில் அறுவை செய்யப்போவதாகச் சொன்னால், எந்தச் சுரப்பியை எடுக்கிறீர்கள், ஏன், என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: நான் கர்நாடக இசை கற்பிக்கிறேன். எனக்கும் ரானுலா என்று கண்டுபிடித்து, சுரப்பியை எடுக்கச் சொல்கிறார்கள். சுரப்பி போனால் வாய் வறண்டுவிடாதா? நாக்கு மரத்துப் போகும் என்கிறார்களே, பாட முடியுமா? (வாசகி, மாட்டுங்கா)

பதில்: வறட்சியைப் பற்றிய கவலை வேண்டாம். நாளொன்றுக்குச் சுரக்கும் மொத்த உமிழ்நீரில் நாவடிச் சுரப்பிகள் இரண்டும் சேர்ந்து தருவது 3 முதல் 5 விழுக்காடு வரைதான். அவற்றில் ஒரு பக்கத்தை மட்டுமே எடுக்கப்போகிறார்கள். சும்மா இருக்கும் நேரங்களில் வாயை ஈரமாக வைத்திருப்பதில் பெரும்பங்கு தாடையடிச் சுரப்பிகளுடையது. அவை அப்படியே இருக்கும்.

நாக்கைப் பற்றிய கவலை நியாயமானது. இந்த அறுவை சிறியதாகத் தோன்றினாலும், செய்யும் இடம் குறுகலானது. தாடையடிச் சுரப்பியின் எச்சிலைக் கொண்டுவரும் வார்ட்டன் குழாய் நாவடிச் சுரப்பியை உரசிக்கொண்டு செல்கிறது. நாக்கின் முன்பகுதிக்கு உணர்ச்சி தரும் நரம்பு, அந்தக் குழாயின் அடியாகக் குறுக்கே புகுந்து மறுபக்கம் ஏறுகிறது. சுரப்பிக்கு இரத்தம் கொண்டுவரும் நாளமும் அங்கேயே இருக்கிறது. பழகிய கை உள்ளவர், முதலில் வார்ட்டன் குழாயின் வாயில் ஒரு மெல்லிய கம்பியையோ குழலையோ நுழைத்து வைத்துக்கொண்டு, குழாய் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்படி செய்துகொண்டு, நரம்பை அடையாளம் கண்ட பிறகே சுரப்பியைப் பிரிப்பார். மூக்கின் வழியாகச் சுவாசக் குழாய் போட்டு முழு மயக்கத்தில் செய்வது வழக்கம். வாய் முழுவதும் மருத்துவரின் கைக்குக் கிடைக்க வேண்டுமல்லவா.

சிலருக்கு அறுவைக்குப் பின் நாக்கின் அந்தப் பக்கம் சில நாட்களோ வாரங்களோ மரத்திருக்கும், பெரும்பாலும் மீண்டுவிடும். நிரந்தரமாக நிற்பது அரிது, ஆனால் அறவே இல்லை என்று யாரும் உறுதி தர இயலாது. இந்த நரம்பு உணர்ச்சிக்குரியது. நாக்கை அசைக்கும் நரம்பு வேறு. ஆகவே குரலுக்கோ நாக்கின் அசைவுக்கோ இதனால் குறை வருவதில்லை. சொல்லப்போனால், பெரிய ரானுலா நாக்கை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில்தான் ழகரமும் ளகரமும் குழறும். தங்கள் மாணவர்கள் அதைத் தங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்கள். தையல் தானே கரைந்து, வீக்கம் வடிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை கச்சேரி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் சில நாட்கள் குழைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி போன்றவையே போதும். காரமும் சூடும் ஆகாது. அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நாக்கின் அடி திடீரென்று உப்பி, நாக்கு மேலே எழும்பி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டால், அது உள்ளே இரத்தம் கட்டுவதன் அடையாளம். காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல், அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: பிறந்து இரண்டு மாதமான பேரனுக்கு நாக்கின் அடியில் சிறு நீர்க்கொப்பளம் இருக்கிறது. பால் நன்றாகக் குடிக்கிறான். இந்த வயதில் அறுவை என்றால் மனம் பதறுகிறது. (வாசகி, முலுண்ட்)

பதில்: பதற வேண்டாம், பாட்டி. பிறவியிலேயே சில குழந்தைகளுக்கு உமிழ்நீர்க் குழாயின் வாய் திறக்காமல் மூடியிருப்பதால் இத்தகைய கொப்பளம் வரும். பல குழந்தைகளுக்கு அது தானாகவே உடைந்து மறைந்துவிடுகிறது. பால் குடிப்பதற்கும் மூச்சுக்கும் தடையில்லாமல், வேகமாக வளராமலும் இருந்தால், சில மாதங்கள் காத்திருந்து பார்ப்பதையே குழந்தை மருத்துவர்கள் பலரும் விரும்புகிறார்கள். ஐந்து ஆறு மாதம் வரை பொறுக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வீட்டில் ஊசியால் குத்துவதோ, விரலால் நசுக்குவதோ, அதன்மேல் தேனையோ மருந்தையோ தடவுவதோ கூடவே கூடாது. பால் குடிக்கும்போது நீலம் பூப்பது, உறங்கும்போது மூச்சில் இரைச்சல், எடை ஏறாமல் நிற்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். இதுவரை யாரிடமும் காட்டவில்லை என்றால் ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும். நிணநீர்க் குழாய்க் கோளாறும் இந்த வயதில் இதே இடத்தில் தோன்றக்கூடும், அதன் சிகிச்சை வேறு.

கேள்வி: என் பதினொரு வயது மகனுக்குக் கீழுதட்டின் உட்புறத்தில் பட்டாணி அளவு கொப்பளம். இதுவும் ரானுலாவா? (வாசகர், செம்பூர்)

பதில்: இல்லை. உருவாகும் விதம் ஒன்றே. இடமும் சுரப்பியும் வேறு. உதட்டின் உள்ளே இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் ஒன்று, பெரும்பாலும் பல்லால் கடிபட்டு, கசிவதால் வரும் இது மியூக்கோசீல் எனப்படும். திரும்பத் திரும்ப வந்தால், கசியும் நுண்சுரப்பிகளோடு சேர்த்து அந்த இடத்தை மட்டும் மரக்க ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள். உதட்டைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

கேள்வி: வயது 52. இருபது ஆண்டுகளாகப் புகையிலை போடுகிறேன். நாக்கின் அடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறது. தங்கள் குறிப்பைப் படித்ததும் இதுவும் நீர்க்கட்டிதான் என்று நிம்மதி அடைந்தேன். சரிதானே? (வாசகர், அந்தேரி)

பதில்: சரியில்லை. நிம்மதியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு இந்த வாரமே பரிசோதனைக்குச் செல்லுங்கள். ரானுலா மிருதுவானது, அழுத்தினால் அமுங்கும், இளம் வயதினரிடமே அதிகம் காணப்படுவது. ஐம்பதைக் கடந்த, புகையிலை போடும் ஒருவரின் நாவடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால், வேறு என்று நிரூபணம் ஆகும் வரை அதைப் புற்றுநோயாகவே ஐயுற வேண்டும். வாயின் அடித்தளத் தோலிலிருந்து புற்று எழலாம். நாவடிச் சுரப்பியிலேயே கட்டி தோன்றுவது அரிதுதான். ஆனால் அவ்வாறு தோன்றுபவற்றுள் பெரும்பாலானவை புற்றுத்தன்மை உடையவை. ஆறாத புண், இரத்தக் கசிவு, நாக்கின் ஒரு பக்கம் மரத்துப்போதல், நாக்கு ஒரு பக்கம் இழுத்தல், கழுத்தில் கெட்டியான நெறி ஆகியவற்றில் எது இருந்தாலும் அவசரம் இன்னும் கூடுகிறது. இந்த நிலையில் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதோ, தண்ணீர்க் கட்டிக்கான மருந்தைக் குடிப்பதோ நேரத்தை வீணாக்கும். தேவை பயாப்ஸி, அதாவது சிறு திசுத் துண்டை எடுத்துப் பரிசோதிப்பது.

உணவு உண்ணும்போது மட்டும் தாடைக்கடியில் உப்பி வலித்து, பிறகு தானே வடிகிறது என்றால் அது குழாயில் கல் இருப்பதன் அறிகுறி. உமிழ்நீர்க் கற்களில் பெரும்பாலானவை தாடையடிச் சுரப்பியில்தான் உண்டாகின்றன. நாக்கின் அடியில் நடுக்கோட்டில், பிசைந்த மாவு போன்ற பதத்தில், நீல நிறம் இல்லாமல் இருப்பது, தோல் போன்ற உறை கொண்ட டெர்மாய்ட் என்னும் பிறவிக் கட்டியாக இருக்கலாம். தங்கள் கடிதத்தில் இவற்றுக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆகவே முதலில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்: இந்த வாரமே.

கேள்வி: படிகாரத் தண்ணீரில் கொப்பளித்தால் கரைந்துவிடும் என்று ஊரிலிருந்து சொல்கிறார்கள். நம் பழைய வைத்தியத்தில் இதற்கு வழி இல்லையா? ஊசி போட்டே சுருக்கிவிடலாம் என்றும் கேள்விப்பட்டேன். (வாசகர், கோலிவாடா)

பதில்: படிகாரம் வாயின் மேல்தோலைச் சுருக்கும், ஆழத்தில் கசியும் சுரப்பியை அது எட்டுவதில்லை. கட்டி சில சமயம் தானே உடைந்து வடிந்துவிடும். அந்த வேளையில் படிகாரம் கொப்பளித்தவர் படிகாரத்தையும், உப்புநீர் கொப்பளித்தவர் உப்பையும் புகழ்வார். சில வாரங்களில் கட்டி திரும்பும்போது இருவருமே எழுதமாட்டார்கள். பழைய மருத்துவம் இதை அறியாமல் இல்லை. சுசுருத சம்ஹிதையில் உபஜிஹ்விகா என்ற பெயரில், நாக்கின் நுனி போன்ற வடிவில், நாக்கை மேலே தூக்கிக்கொண்டு, எச்சில் ஒழுகச் செய்யும் வீக்கம் வருணிக்கப்படுகிறது. அதைச் சுரண்டிவிட்டு க்ஷாரம் என்னும் அரிக்கும் மருந்தைத் தடவுமாறு அந்நூல் கூறுகிறது. ரானுலாவையே அது குறிக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். அந்தக் காலத்திலும் கொப்பளிப்பதோடு விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஊசி மருந்து பற்றி: ஓகே-432 என்ற மருந்தைக் கட்டிக்குள் செலுத்தி அழற்சியை உண்டாக்கிச் சுருக்கும் முறை ஜப்பானிலிருந்து பரவியது. சிலருக்குப் பலன் தருகிறது; பலமுறை செலுத்த வேண்டி வரலாம்; காய்ச்சலும் வீக்கமும் வரும். அதில் பெனிசிலின் கலந்திருப்பதால் பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. அறுவைக்கு உடல்நிலை இடங்கொடாதவர்களுக்கு எண்ணிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு இதை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: இதை யாரிடம் காட்டுவது? பல் மருத்துவரா, காது மூக்கு தொண்டை மருத்துவரா? காப்பீட்டு நிறுவனம், பல் சிகிச்சைக்குப் பணம் தரமாட்டோம் என்கிறது. (வாசகர், நவி மும்பை)

பதில்: வாய் மற்றும் முகத்தாடை அறுவை மருத்துவர், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், தலை கழுத்து அறுவை மருத்துவர் ஆகிய மூவரும் இதைச் செய்கிறார்கள். பட்டத்தைவிட, நாவடிச் சுரப்பியை அவர் வழக்கமாக எடுப்பவரா என்பதே முக்கியம். தனியார் செலவு தாங்காது என்பவர்கள் மும்பை சென்ட்ரலில் உள்ள நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ, சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தை ஒட்டிச் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ, சயான், கே.இ.எம். மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளுக்கோ செல்லலாம். வரிசை நீளும், காலையிலேயே போய்விடுவது நல்லது. மகாராஷ்டிர அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனாவில் உங்கள் சிகிச்சை சேருமா என்பதை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இருக்கும் ஆரோக்கியமித்ரா என்னும் உதவியாளரிடம் அனுமதிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, இது பல் நோய் அன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் ரானுலாவுக்கு உரிய குறியீடு கே 11.6, அது உமிழ்நீர்ச் சுரப்பி நோய்களின் கீழ் வருகிறது, பற்களுக்குத் தனிக் குறியீடுகள் உண்டு. சேர்க்கைக்கு முன் எழுதும் படிவத்தில் "வாய்க் கட்டி" என்றோ "பல் பிரிவு அறுவை" என்றோ பொதுவாக எழுத விடாமல், நோயின் பெயர், இந்தக் குறியீடு, எந்தப் பக்கத்து நாவடிச் சுரப்பி அகற்றப்படுகிறது, முழு மயக்கம் ஏன் தேவை ஆகிய நான்கையும் மருத்துவரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். நிறுவனம் மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, பாலிசியின் விலக்குப் பிரிவோடு ஒப்பிட்டு, அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அகற்றிய சுரப்பியின் நோய்க்குறி அறிக்கையை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வராமல் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; இழப்பீட்டுக் கோரிக்கையோடு இணைக்க அதுவும் வேண்டியிருக்கும்.